எகிப்தின் ஹகீமாக்கள்: மருத்துவர் யார் பக்கம்?



அரசாங்க மருத்துவமனையின் பேறுகாலப் பிரிவில் காத்திருந்தவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பீர்கள். மனைவியைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கணவர் பதிவு முகப்பிடத்துக்கு ஓடி வருவார். பெயரைச் சொல்வதற்கு முன்பே, "டாக்டர் பெரெம்புவான் அடா?" என்று கேட்பார். பெண் டாக்டர் இருக்கிறாரா என்பது கேள்வி. நம்மவர்களும் இதையே தமிழில் கேட்பதுண்டு. ஆனால் கேட்பவர் முஸ்லிமாக இருந்துவிட்டால் பக்கத்தில் நிற்பவர்களின் புருவம் உயர்ந்துவிடும். "உயிர் போகிற நேரத்தில் ஆணென்ன, பெண்ணென்ன?" என்று ஒரு முணுமுணுப்பும் எழும்.

முஸ்லிம் சமுதாயங்களில் பெண் நோயாளிக்கும் மருத்துவருக்கும் உள்ள உறவைப் பற்றி இந்த அரங்கில் பேசச் சொன்னார்கள். பொதுவாக இந்தப் பேச்சு ஆண் மருத்துவரா, பெண் மருத்துவரா என்ற இடத்திலேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். ஒரு தரப்பார் மார்க்கம்தான் தடை என்பார்கள். மறு தரப்பார் மார்க்கத்தில் தடையே இல்லை என்பார்கள். வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் அந்தப் பெண்களின் மனத்தில் வேறொரு கேள்வியும் இருந்திருப்பது தெரிகிறது. என் படுக்கை அருகே வந்து நிற்கும் இந்த மருத்துவர் யார் அனுப்பி வந்தவர்? என் பக்கம் நிற்பவரா, வேறு யாருக்கோ கணக்குக் கொடுப்பவரா? இதைப் புரிந்துகொள்ள 19ஆம் நூற்றாண்டு எகிப்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

எகிப்துக்குப் போகுமுன் சட்டம் என்ன சொன்னது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். மார்க்கச் சட்ட அறிஞர்கள் வகுத்த வரிசை தெளிவானது. பெண்ணுக்குப் பெண் மருத்துவர் கிடைத்தால் அவரே பார்க்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஆண் மருத்துவர் பார்க்கலாம். நோய் இருக்கும் இடத்தை மட்டும், தேவையான அளவு மட்டும் பார்க்க வேண்டும். நோயாளியோடு தனித்திருக்கக் கூடாது. நிர்ப்பந்தம் வந்தால் விலக்கு தளரும் என்ற இந்தக் கோட்பாடு, பிற்காலத்தில் 1869 முதல் 1876 வரை உதுமானியப் பேரரசு தொகுத்த 'மஜல்லா' சட்டத் தொகுப்பிலும் விதியாக இடம்பெற்றது. தொடக்க காலத்தில் இதற்கு நேர் எதிரான காட்சியும் உண்டு. மதீனாவில் 627இல் நடந்த அகழ்ப் போரின்போது காயம்பட்ட ஆண்களுக்குக் கூடாரம் அமைத்து மருந்திட்டவர் ருஃபைதா என்ற பெண்மணி. அங்கே நோயாளி ஆண், மருத்துவர் பெண்.

இன்னொரு சட்ட நுணுக்கத்தையும் நினைவில் வையுங்கள்; பின்னால் தேவைப்படும். ஆண்கள் பார்க்க இயலாத பிரசவம் போன்ற காரியங்களில் பெண்களின் சாட்சியம் மட்டுமே போதும் என்று சட்ட அறிஞர்கள் ஏற்றார்கள். எத்தனை பெண்கள் வேண்டும் என்பதில் மட்டும் அவர்களுக்குள் வேறுபாடு. ஹனஃபி மரபில் மருத்துவிச்சி ஒருத்தியின் சொல்லே போதுமானது. குழந்தை உயிரோடு பிறந்ததா, யாருக்குப் பிறந்தது, சொத்து யாருக்குப் போகும் என்பவையெல்லாம் அவள் வாய்ச்சொல்லில் நின்றன. ஆகவே மருத்துவிச்சி என்பவள் என்றைக்குமே வெறும் பிரசவம் பார்ப்பவள் அல்லள். அவள் சாட்சியும் ஆவாள்.

சட்டம் வழிவிட்டது. நடைமுறை எப்படி இருந்தது? ஸ்பெயினின் கோர்தோபா நகரத்து அஸ்-ஸஹ்ராவி சுமார் 1013இல் மறைந்தவர். அறுவை மருத்துவத்தில் அவர் எழுதியவை ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பாடமாக இருந்தன. பெண்ணின் சிறுநீர்ப்பையில் உள்ள கல்லை எடுக்கும் பகுதியில் அவர் தம் சங்கடத்தை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மானமுள்ள பெண் ஆண் மருத்துவரிடம் தன்னைக் காட்ட மாட்டாள். கைதேர்ந்த பெண் மருத்துவரோ அரிது. ஆகையால் திறமையான ஒரு மருத்துவிச்சியை அழைத்துவந்து, மருத்துவர் சொல்லச் சொல்ல அவள் கையால் செய்விக்க வேண்டும் என்பது அவர் கண்ட வழி. அறிவு ஒருவரிடம், கை இன்னொருவரிடம். இந்த ஏற்பாட்டில் நோயாளியின் நம்பிக்கை யார் மேல் இருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இரண்டும் ஒருவரிடமே அமைந்த இடங்களும் உண்டு. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் அல்முஹாத் மன்னர் அல்-மன்சூரின் அரண்மனைப் பெண்களுக்கு மருத்துவம் பார்த்தவர்கள் புகழ்பெற்ற மருத்துவர் அபூபக்கர் இப்னு ஸுஹ்ரின் சகோதரியும், அச்சகோதரியின் மகளும். குடும்பத் தொழிலை வீட்டிலேயே கற்றவர்கள். துருக்கியின் அமாஸ்யா நகரில் ஷரஃபுத்தீன் ஸபுன்ஜுஓக்லு 1465இல் எழுதிய அறுவை மருத்துவ நூலில் வண்ணப் படங்கள் இருக்கின்றன. பெண்களுக்குப் பெண்களே சிகிச்சை செய்யும் காட்சிகளும் அவற்றுள் உண்டு. கற்பிக்க ஆள் இருந்த வீடுகளில் பெண் மருத்துவர்கள் உருவானார்கள் என்பதுதான் இவற்றிலிருந்து தெரிவது. மக்கள் எல்லாருக்கும் போதுமான அளவில் உருவாக்கப் பள்ளிக்கூடம் வேண்டும். அந்தப் பள்ளிக்கூடம்தான் 1832இல் எகிப்தில் தோன்றியது.

1805 முதல் எகிப்தை ஆண்ட முகம்மது அலி பாஷாவுக்குப் பெண்களின் துயரம் கண்டு மனம் உருகியதால் அது தோன்றவில்லை. அவருக்குப் படை வேண்டும். 1820களில் உழவர் வீட்டுப் பிள்ளைகளைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கத் தொடங்கினார். படைக்கு ஆள் வேண்டுமென்றால் குழந்தைகள் பிழைக்க வேண்டும். அம்மை நோய் குழந்தைகளை வாரிக்கொண்டு போனது; பிரசவத்தில் தாய்மார்கள் இறந்தார்கள்; மேகநோய் படைவீரர்களிடமிருந்து குடும்பங்களுக்குப் பரவியது. 1825இல் வந்து சேர்ந்த பிரெஞ்சு மருத்துவர் அந்துவான் குளோ, 1827இல் கெய்ரோவுக்கு அருகே அபூ ஸஅபல் என்ற இடத்தில் ராணுவ மருத்துவப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். பின்னாளில் 'பே' பட்டம் பெற்று 'குளோ பே' என்றே அறியப்பட்டவர். ஆண்களை மட்டும் மருத்துவராக்கினால் நாட்டின் பாதி மக்களை மருத்துவம் எட்டிப் பார்க்கவே முடியாது என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. அந்தப்புரத்துக்குள் ஆண் மருத்துவர் கால் வைக்க முடியாது. எனவே பெண்களுக்கென்று ஒரு மருத்துவப் பள்ளி.

பள்ளி தயார். மாணவிகள் எங்கே? எந்த எகிப்தியக் குடும்பமும் மகளை அனுப்பவில்லை. நேயர்களே, அப்போது அரசாங்கம் செய்த காரியம் நெஞ்சை உறுத்துவது. கெய்ரோவின் அடிமைச் சந்தைக்குப் போய் அபிசீனியா, சூடான் நாடுகளைச் சேர்ந்த 10 பெண்களை விலைக்கு வாங்கி வந்தது. முஸ்லிம் உலகின் முதல் நவீனப் பெண்கள் மருத்துவப் பள்ளி என்று பெருமையாகச் சொல்லக்கூடிய ஒரு நிறுவனத்தின் முதல் வகுப்பில் இருந்தவர்கள் தம் விருப்பத்தால் வந்தவர்கள் அல்லர். பிறகு இன்னும் சிலர் வாங்கப்பட்டார்கள். மருத்துவமனையில் கிடந்த ஆதரவற்ற அனாதைச் சிறுமிகளும் சேர்க்கப்பட்டார்கள். யாருக்குக் கேட்பார் இல்லையோ அவர்களே மாணவிகள் ஆனார்கள்.

படிப்பு 6 ஆண்டுகள். முதல் இரண்டு ஆண்டுகள் அரபு எழுதப் படிக்கக் கற்றார்கள். பிறகு பிரசவம் பார்த்தல், கர்ப்பிணிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் செய்யும் பராமரிப்பு, அம்மை குத்துதல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல், இரத்தம் இறக்குதல், சாதாரண மருந்துகளைத் தயாரித்தல் என்று பாடம் விரிந்தது. 1837இல் மருத்துவப் பள்ளி கெய்ரோவின் கஸ்ர் அல்-அய்னிக்கு மாறியபோது இந்தப் பள்ளியும் கெய்ரோவுக்கு வந்தது. படித்து வெளியேறியவருக்கு 'ஹகீமா' என்று பெயர். ஹகீம் என்றால் மருத்துவர். அதன் பெண்பால்தான் ஹகீமா. அவருக்குப் படையின் இரண்டாம் லெப்டினன்ட் பதவியும் அரசாங்கச் சம்பளமும் கிடைத்தன. சந்தையில் விலை பேசப்பட்ட ஒரு பெண், சில ஆண்டுகளில் பதவியும் கைத்தொழிலும் உள்ள அரசு அலுவலர் ஆனார். இதை ஏற்றமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஏற்றத்துக்குள்ளும் கட்டு இருந்தது. ஹகீமா யாரை மணக்க வேண்டும் என்பதையும் அரசாங்கமே பார்த்தது. ஆண்கள் பள்ளியில் படித்துத் தேர்ந்த ஒருவருக்கு அவரைக் கட்டிவைத்து, இருவரையும் ஒரே ஊருக்கு அனுப்புவது வழக்கம். கணவன் ஆண்களைப் பார்ப்பார், மனைவி பெண்களைப் பார்ப்பார் என்பது கணக்கு.

இவர்களை மக்கள் எப்படி ஏற்றார்கள்? இங்கேதான் விஷயம் சுவையாகிறது. ஒவ்வொரு தெருவிலும் ஏற்கெனவே ஒரு மருத்துவிச்சி இருந்தாள். அவளை அரபியில் 'தாயா' என்பார்கள். தமிழில் எழுதிப் பார்த்தால் நம் 'தாய்' போலத் தோன்றும். ஆனால் அது பாரசீக வழி வந்த சொல். தாயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த வீட்டு மருமகளின் மாமியாருக்கும் அவள்தான் பிரசவம் பார்த்திருப்பாள். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் கூடவே இருப்பாள், உடம்பு பிடித்துவிடுவாள், பிள்ளைக்குப் பெயர் சூட்டும் நாளில் விருந்துக்கு வருவாள். ஹகீமாவோ அயல்நாட்டுக்காரி, அரசாங்கச் சம்பளக்காரி. பெண் என்ற ஒரே ஒற்றுமையைத் தவிர நோயாளிக்கும் அவருக்கும் இடையில் வேறெந்த ஒட்டும் இல்லை. பெரும்பாலான பிரசவங்கள் தொடர்ந்து தாயாக்களின் கையிலேயே நடந்தன. பெண் மருத்துவர் இருந்தால் பெண்கள் ஓடி வருவார்கள் என்ற குளோ பேயின் கணக்கு பாதிதான் பலித்தது.

மீதிப் பாதி ஏன் பலிக்கவில்லை என்பதற்கு அம்மை குத்திய கதை நல்ல சான்று. ஹகீமாக்கள் வீடு வீடாகவும், கெய்ரோவின் வட்டாரச் சுகாதார நிலையங்களிலும் குழந்தைகளுக்கு அம்மை குத்தினார்கள். எத்தனையோ உயிர்களைக் காத்த காரியம் அது. ஆனால் தாய்மார்கள் பலர் பிள்ளைகளை ஒளித்துவைத்தார்கள். ஏன் தெரியுமா? கையில் விழும் அந்தத் தழும்பு, பின்னாளில் படைக்குப் பிடிப்பதற்காக அரசாங்கம் வைக்கும் அடையாளம் என்று அவர்கள் அஞ்சினார்கள். அறியாமை என்று நாம் சிரித்துவிடலாம். மகனைப் படைக்குக் கொடுக்க மறுத்து அவன் விரலை வெட்டியும் ஒரு கண்ணைக் குருடாக்கியும் தடுத்த ஊர்கள் அவை. அந்தத் தாய்க்கு, அம்மை குத்த வருபவரும் ஆள்பிடிக்க வருபவரும் ஒரே வாசலிலிருந்து கிளம்பி வந்தவர்கள். உண்மையைச் சொன்னால் அவள் சந்தேகம் முழுப் பொய்யும் அல்ல. படைக்கு ஆள் வேண்டும் என்பதற்காகத்தானே இந்தச் சுகாதாரத் திட்டமே தொடங்கியது?

ஹகீமாவின் வேலைகள் ஒவ்வொன்றாகக் கூடின. பெண் இறந்தால் புதைக்கும் முன் உடலைப் பார்த்து மரணக் காரணத்தைச் சொல்ல வேண்டும். கொள்ளைநோய் பரவுகிறதா, கொலை நடந்திருக்கிறதா என்று அறிய அது வேண்டியிருந்தது. பிறப்புகளைப் பதிவு செய்வதிலும், தாயாக்களைக் கண்காணிப்பதிலும் பங்கு இருந்தது. கருக்கலைப்பு நடந்ததா என்று காவல்துறை கேட்டால் சோதித்துச் சொல்ல வேண்டும். ஒரு பெண் கன்னிதானா என்ற கேள்விக்கும் அவரே விடை எழுத வேண்டும். மருத்துவிச்சி சாட்சியும் ஆவாள் என்று முன்பு சொன்னேன் அல்லவா? அந்தப் பழைய மரபையே எடுத்து அரசாங்கம் தன் காவல் நிலையத்தோடு இணைத்துவிட்டது. முன்பு அவள் சொல் காழியின் மன்றத்தில் எப்போதாவது ஒரு முறை ஒலிக்கும். இப்போது அது மாதந்தோறும் அலுவலகத்துக்குப் போகும் அறிக்கை ஆகிவிட்டது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் ஒருதலையாகிவிடும். எகிப்தின் 19ஆம் நூற்றாண்டுக் காவல்துறைப் பதிவேடுகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் காலித் ஃபஹ்மி இன்னொரு பக்கத்தையும் காட்டுகிறார். மகளுக்குத் தீங்கு நேர்ந்துவிட்டது என்று தகப்பன்மாரே காவல் நிலையத்துக்கு வருகிறார்கள். ஹகீமாவைக் கொண்டு சோதிக்கும்படி கேட்கிறார்கள். நீதி கிடைக்க அந்தச் சான்று வேண்டும். ஐரோப்பியர்கள் எழுதிவைத்ததுபோல் நவீன மருத்துவத்தைக் கண்டு மதப்பற்றால் மிரண்டு ஓடிய மக்கள் அல்லர் அவர்கள். தங்களுக்குப் பயன்பட்ட இடத்தில் அதைத் தேடி வந்தார்கள். தங்களை வேவு பார்த்த இடத்தில் கதவை மூடினார்கள். ஒரே ஹகீமாதான். ஒரு வீட்டில் அவர் துணை, அடுத்த வீட்டில் அவர் அச்சம்.

ஹகீமாக்கள் எல்லாரும் ஏவிய வேலையை மட்டும் செய்துகொண்டிருக்கவில்லை. 1860களில் வெளிவந்த 'யஅசூப் அத்-திப்' என்ற அரபு மருத்துவ இதழில் ஜலீலா தமுர்ஹான் என்ற ஹகீமா எழுதினார். பெண்கள் எழுதும் இதழ்களே அரபு மொழியில் தோன்றாத காலம் அது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இங்கே நம் பக்கத்துச் செய்தி ஒன்றைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. 1890களில் தமிழ்நாட்டின் திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று கணவர்கள் அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் கிடந்தார்கள். பாதிரியார் மருத்துவர், ஆனால் அவர் ஆண் என்பதால் மூவரும் மறுத்துவிட்டார்கள். அவருடைய மகளை அழைத்தார்கள். அவளுக்கோ அப்போது மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த மகள்தான் பின்னாளில் மருத்துவம் படித்து வேலூர் மருத்துவமனையைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர். அந்த மூன்று கணவர்களில் ஒருவர் முஸ்லிம், ஒருவர் பிராமணர், மற்றவரும் இந்துவே. முகப்பிடத்தில் புருவத்தை உயர்த்துகிறவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

மீண்டும் எகிப்து. 1882இல் பிரிட்டன் அந்த நாட்டைக் கைப்பற்றியது. முஸ்லிம் பெண்களைக் கடைத்தேற்ற வந்தோம் என்று ஆங்கிலேய அதிகாரிகள் எழுதிய அறிக்கைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவர்கள் காலத்தில்தான் ஹகீமாவின் தகுதி இறங்கியது. பிரிட்டனில் மருத்துவர் என்றால் ஆண், தாதி என்றால் பெண் என்ற பிரிவு வேரூன்றியிருந்தது. அதே அச்சில் எகிப்தையும் வார்த்தார்கள். 1890களின் இறுதியில் கஸ்ர் அல்-அய்னியில் அரபி போய் ஆங்கிலம் பாட மொழியாயிற்று. ஹகீமாக்களின் பள்ளி, தாதியரையும் மருத்துவிச்சிகளையும் மட்டும் பயிற்றும் பள்ளியாகச் சுருங்கியது. மருந்து எழுதவும் சான்று தரவும் உரிமை பெற்றிருந்தவர், ஆண் மருத்துவரின் உத்தரவுக்குக் காத்து நிற்பவர் ஆனார். இன்றைக்கும் எகிப்திய வழக்கில் ஹகீமா என்றால் மருத்துவமனைத் தாதியையே குறிக்கும். ஒரு சொல் கீழே இறங்கிய தூரம் அது.

இந்த வீழ்ச்சிக்குப் பிறகு எகிப்துக்கு ஒரு பெண் மருத்துவர் கிடைக்க 1930 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தன்தா நகரத்துக் காப்டிக் கிறிஸ்தவரான ஹெலானா சிதாருஸ் 1922இல் கணிதம் படிக்க லண்டனுக்கு அனுப்பப்பட்டவர். கெய்ரோவில் பெண்களுக்கென்று எழுந்த கிச்சனர் நினைவு மருத்துவமனைக்கு எகிப்தியப் பெண் மருத்துவர்கள் தேவைப்பட்டதால் மருத்துவத்துக்கு மாறினார். நாடு திரும்பி அந்த மருத்துவமனையிலும் பிறகு சொந்தக் கிளினிக்கிலும் பல்லாண்டுகள் பிரசவம் பார்த்தார். பெண் மருத்துவர் வேண்டும் என்பது எகிப்தில் முஸ்லிம்களின் விருப்பம் மட்டுமல்ல. காப்டிக் குடும்பங்களும் அதையே விரும்பின. 1920களின் இறுதியில் கெய்ரோ பல்கலைக்கழகமும் பெண்களுக்குக் கதவைத் திறந்தது.

தாயாக்கள் என்ன ஆனார்கள்? அரசாங்கம் அவர்களைக் கண்காணித்தது, உரிமம் கொடுத்தது, 1960களின் இறுதியில் உரிமம் கொடுப்பதையும் நிறுத்திவிட்டது. தொழில் நின்றுவிடவில்லை, சட்டத்தின் பார்வையிலிருந்துதான் மறைந்தது. சிக்கலான பிரசவத்தை மருத்துவமனைக்கு அனுப்பினால் தான் பிடிபடுவோமோ என்று அஞ்சும் நிலையில் ஒரு தாயாவை வைத்தால், அந்த அச்சத்துக்கு விலை கொடுப்பவள் படுக்கையில் இருப்பவள்தான்.

நம் நாட்டில் நடந்தது வேறு. கம்பத்துப் பீடான்களை மலாயா அரசாங்கமும் பிறகு மலேசிய அரசாங்கமும் விரட்டவில்லை. 1966ஆம் ஆண்டு மருத்துவிச்சிகள் சட்டத்தின் கீழ் அவர்களைப் பதிவு செய்தது; சுத்தம் பேணவும், ஆபத்தின் அறிகுறிகளை அறியவும் சொல்லிக் கொடுத்தது. கிராமத்துக்கு அனுப்பப்பட்ட பயிற்சி பெற்ற மருத்துவிச்சி குழந்தையை ஏந்துவார்; பீடான் துஆ ஓதி, பேற்றுக்குப் பிந்திய உடம்புப்பிடிப்பைச் செய்வார். தாய்க்குத் தெரிந்த முகம் அறையைவிட்டுப் போகவில்லை. புதிய முகமும் அந்தப் பழைய முகத்தின் அறிமுகத்தோடுதான் உள்ளே வந்தது. தாய்மார் இறப்பைக் குறைத்ததில் மலேசியாவும் இலங்கையும் கண்ட வெற்றியை உலக வங்கி 2003இல் தனி நூலாகவே வெளியிட்டது. தோட்டப்புறத்தில் பிள்ளை பெற்ற நம் பாட்டிமார்களைக் கேட்டுப் பாருங்கள். மலாய்ப் பீடானின் கைபட்ட கதையும் சிலரிடம் இருக்கும்.

மருத்துவர் யார் பக்கம் என்ற கேள்வி எகிப்தில் பெண் மருத்துவர்கள் பெருகிய பிறகும் தீரவில்லை. 1955இல் மருத்துவப் பட்டம் பெற்ற நவால் அஸ்-ஸஅதாவி கிராமத்தில் பணியாற்றியவர். சிறுமிகளுக்குச் செய்யப்படும் பெண் விருத்தசேதனத்தின் கொடுமையை அங்கே நேரில் கண்டார். அதை எழுதப்போய் 1972இல் சுகாதார அமைச்சில் தம் பதவியை இழந்தார். 2021இல் காலமாகும்வரை அவர் அந்தப் பேச்சை விடவில்லை. இந்த வழக்கம் எகிப்தில் முஸ்லிம்களிடம் மட்டுமன்றிக் கிறிஸ்தவர்களிடமும் உண்டு. ஒரு காலத்தில் தாயாவும் நாவிதரும் செய்த காரியம் இது. அது தப்பு, ஆபத்து என்ற பிரசாரம் பெருகியபோது பெற்றோர் வழக்கத்தை விட்டார்களா? பலர் விடவில்லை, மகளை டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். 2014ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில், சிறுமிகளுக்கு நடந்தவற்றில் முக்கால் பங்குக்கு மேல் மருத்துவத் துறையினர் கையால் நடந்திருந்தது. 2007இல் மின்யா மாநிலத் தனியார் கிளினிக் ஒன்றில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அதன் பிறகே சுகாதார அமைச்சு மருத்துவர்கள் அனைவருக்கும் இதைத் தடைசெய்தது. மார்க்கத்தில் இதற்கு அடிப்படை இல்லை என்று மார்க்க அறிஞர்களும் அறிவித்தார்கள். 2008இல் குற்றவியல் சட்டம் வந்தது. 2021இல் தண்டனை மேலும் கடுமையானது. அந்த அறையில் பணம் கட்டுபவர் தகப்பன், கேட்பவர் தாய், செய்பவர் டாக்டர். நோயாளியோ மேசைமேல் படுத்திருக்கும் சிறுமி. அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

பிரசவ அறைக்குத் திரும்புவோம். எகிப்தில் 1992-93இலும் 2000இலும் தாய்மார் இறப்பு பற்றி இரண்டு தேசிய ஆய்வுகள் நடந்தன. ஒரு லட்சம் பிரசவத்துக்கு 174 ஆக இருந்த இறப்பு 84 ஆகக் குறைந்தது. பெருஞ்சாதனைதான். ஆனால் தவிர்த்திருக்கக்கூடிய இறப்புகளுக்குக் காரணம் தேடியபோது, தாயாக்களின் தவறுகளைவிடப் பேறுகால நிபுணர்களின் குறைபட்ட சிகிச்சையே அதிக இறப்புகளில் தென்பட்டது. எல்லாப் பழியையும் படிக்காத தாயாவின் மேல் போட்டுவந்த 170 ஆண்டுப் பேச்சுக்கு, அரசாங்கமே நடத்திய ஆய்வு தந்த பதில் அது.

இப்போது எகிப்தில் பெரும்பாலான பிரசவங்கள் மருத்துவமனையிலோ கிளினிக்கிலோதான். பெண் மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. 2014இல் நடந்த பிரசவ ஆய்வின்படி 100க்கு 52 குழந்தைகள் வயிற்றைக் கீறித்தான் எடுக்கப்பட்டன. 2021ஆம் ஆண்டின் குடும்ப நல ஆய்வில் அது 72 ஆகியிருந்தது. உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று. அத்தனை பெண்களுக்கும் கத்தி தேவைப்பட்டிருக்காது என்பதை மருத்துவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அறுவை என்றால் நேரம் குறைவு, நாளை முன்கூட்டியே குறிக்கலாம், கட்டணமும் கூடுதல். இயல்பான பிரசவமோ இரவெல்லாம் காத்திருக்கச் சொல்லும். அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருப்பதற்கென்றே 1832இல் அபூ ஸஅபலில் பத்துப் பெண்களுக்கு 6 ஆண்டுப் படிப்பு நடத்தினார்கள். அந்த நாற்காலியில் இன்று உட்கார ஆள் குறைவு.